கருணாகரனின் குரல்

தூத்துக்குடி பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டி, கட்டடங்கள் குறைந்து உடைமரங்கள் தலைகாட்டத் தொடங்கிய இடத்தில்தான் ஜெசிந்தாவுக்குத் தான் செய்து வைத்த காரியம் தெரிந்தது. மாடி வீட்டுப் பிரிஸ்கில்லாவுக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்த வாய்ஸ் மெசேஜ் பிரிஸ்கில்லாவுக்குப் போகவே இல்லை. அது வெண்சங்குப் பட்டினத்துக்குப் போயிருந்தது. ‘ஏட்டி பிரிஸ்கி, அக்கா பேசுதேன், காலையில மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேனோன்னு இருக்கு, கீழ போயி ஒரு எட்டு பாத்துச் சொல்லேன்.’ பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், ஜன்னல் சீட்டுக்கு முண்டியடித்து ஏறிய மூச்சிரைப்போடு, கடைசிச் சொல்லில் கீச்சென்று ஏறிவிடும் அவளுடைய குரல். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் ‘கருணாகரன், துறைமுகக் காவல் தலைவன்’ என்ற பெயர். வட்டத்துக்குள், அந்தக் குழுவில் மட்டும் அவர் படமாக அவள் வைத்திருந்த நங்கூரம். சட்டென்று அழித்தாள். அவசரத்தில் முதல் தடவை வேறெதையோ அழுத்தி, திரும்ப அழுத்தி, போய்விட்டது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் யார் யார் கேட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டிருந்தாள். பார்த்திருக்கக் கூடாது. மழவரையன் கேட்டிருந்தான். தையல் கேட்டிருந்தாள். மற்றவர்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. அழித்ததுதான் இன்னும் மோசம் என்று இப்போது பட்டது. அழிக்காமல் விட்டிருந்தால் யாரோ ஒரு பெண் கருணாகரனின் போனை எடுத்துப் பேசிவிட்டதாக இருந்திருக்கும். அழித்தபிறகு அது மறைக்கவேண்டிய குரலாகிவிட்டது. பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒரு கால் ஜெசிந்தாவின் சேலையில் கிடந்தது. அந்தச் சின்னக் கொலுசுக் காலை நகர்த்தவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை, ஏதோ இந்த பஸ்ஸில் அவளுக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான் என்பது போல.

வெண்சங்குப் பட்டினம் என்று ஓர் ஊர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் போனில் கூடி எழுதிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஆளுக்கொரு பாத்திரம், அவரவர் முறை வரும்போது அவரவர் பாத்திரமாக நின்று, ‘நான்’ என்று தொடங்கி எழுதவேண்டும். முதலில் யாரோ ஒரு கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், அதற்குள் ஒரு பிணத்தை வைத்தார்கள், அப்புறம் கதை தானாக நடந்தது. எண் தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. எழுதுகிற ஆளை யாரும் விசாரிக்கக் கூடாது என்பது மழவரையன் போட்ட விதி. குழுவை ஆரம்பித்தவன் அவன்தான், பட்டினத்து அதிகாரியும் அவன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் அடக்கம் முடிந்து அண்ணன் ராயப்பன் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய், தூத்துக்குடி வீட்டில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சிய நாட்களில் அவள் அதில் சேர்ந்தாள். பாடகி காலியாக இருந்தது, உப்பு வியாபாரியின் மகள் காலியாக இருந்தது, காவல் தலைவன் காலியாக இருந்தது. கடைசியில் உள்ளதைக் கேட்டாள். ஏன் கேட்டாள்? இன்றைக்கு வரை யோசித்தும் பிடிபடவில்லை. மற்ற இரண்டு பேரும் யாரோ பார்ப்பதற்காக நிற்கிறவர்கள், இவன் ஒருத்தன்தான் பார்க்கிறவன், அதனால் இருக்கலாம். ‘வாங்க அண்ணாச்சி’ என்று மழவரையன் போட்டான். அவள் திருத்தவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் திருத்தவில்லை என்று இப்போது, கருகிய காட்டுக்கு நடுவில் பஸ் உறுமிக்கொண்டு போகையில், தோன்றியது. கப்பல் ஏஜென்சி ஆபீஸில் அவளை ‘மேடம்’ என்பார்கள், அது வாசலிலேயே நிறுத்திவைக்கிற சொல். தெருவில் ‘அக்கா’. கோயிலில் ‘ராயப்பன் தங்கச்சி’. அண்ணாச்சி என்றால் வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

போன் அதிர்ந்தது. மழவரையன், குழுவுக்கு வெளியே, தனியாக. ‘அண்ணாச்சி, குழுவில ஒரு வாய்ஸ் வந்துச்சே? வீட்ல அக்காவா பேசுனது?’ கடைசியில் ஒரு சிரிக்கும் முகம். தப்பித்துப் போக ஒரு கதவை அவனே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். ‘ஆமா தம்பி’ என்று இரண்டு சொல் போட்டால் போதும். நாளைக்குக் கருணாகரன் வழக்கம்போலத் துறைமுகத்துக்குப் போவார். கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேல் நின்றது, இறங்கவில்லை. வெயில் ஜன்னல் கம்பிவழியாக அவள் கைமேல் பட்டுப் பட்டு விலகியது. இன்று மத்தியானம் இதே கைதான் கரண்டி பிடித்து நின்றது. அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், மண்டபத்தில் பிரியாணி. ராயப்பனின் மனைவி, மைனி ஃபிலோமி, இவள் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே, ‘ஜெசி, நீ உள்ள நின்னு தயிர்ப் பச்சடிய மட்டும் பாத்துக்கிடு, பந்தியில ஆளு பத்தாது’ என்று சொல்லிவிட்டாள். பச்சடி வாளியோடு ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனபோது துறைமுகத்துப் புது பெர்த்தில் சரக்கு இறக்குவதைப் பற்றிப் பேச்சு. ஒருவர் சொன்னது தப்பு. அவள் தினம் அந்தத் தாள்களைத்தான் பார்க்கிறாள். ‘அது அப்படியில்ல, கண்டெய்னர் மட்டுந்தான் அங்க எறக்குவாங்க’ என்றாள். யாரும் நிமிரவில்லை. ஒருவர் இலையை நகர்த்தி, ‘இங்கன கொஞ்சம் பச்சடி’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து ராயப்பன் அதையே சொன்னான், அவள் சொன்ன அதே வார்த்தைகளில். ‘அப்படியா விசயம்’ என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கருணாகரனாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வார் என்றுதான் யோசித்தாள். அவர் பேசியே இருக்கமாட்டார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைப்பார், அதிலேயே பந்தி அமைதியாகிவிடும்.

ஆமா தம்பி. போட்டுவிடலாம். ஆனால் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லையே என்று மனம் போய் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. நாலு வருஷமாக எழுதியதெல்லாம் ‘நான்’. நான் வந்தேன். நான் பார்த்தேன். கலங்கரை விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது, நான் ஏறினேன். தமிழில் ‘வந்தேன்’ என்பதற்கு மீசையும் இல்லை, கொண்டையும் இல்லை. யார் வந்தாலும் வந்தேன்தான். அவன் அவள் என்று வால் முளைப்பதெல்லாம் அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொல்லும்போதுதான். அப்படிப் பார்த்தால் அவள் எழுதிய ஒரு வரியைக்கூட யாராலும் பொய் என்று சொல்ல முடியாது. போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டபோது இதைச் சொல்வதா வேண்டாமா என்று கடைசி நிமிஷம்வரை தவித்து, பத்துக் கட்டளையில் எதன் கீழ் சொல்வது என்று தெரியாமல், ‘கோயிலுக்கு வராம இருந்தேன் சாமி, பக்கத்து வீட்டுக்காரியப் பத்திப் பேசினேன் சாமி’ என்று சில்லறைகளைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். இந்த ‘ஆமா தம்பி’தான் முதல் பொய்யாக இருக்கும். அது மட்டுமில்லை. ஆமா என்றால் அந்தக் குரல் கருணாகரனின் பெண்டாட்டியுடையதாகிவிடும். மோட்டாரைப் பற்றிக் கவலைப்படும், கீச்சென்று பேசும், பெயரில்லாத யாரோ ஒருத்தி. அவள் உருவாக்கிய மனிதனின் வீட்டில் அவளே அடுப்படிக்குப் போய் நிற்கவேண்டும், பச்சடி வாளியோடு. அப்புறம் தையல்? தையல் இருக்கும்போது இன்னொரு பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று அவள் கேட்கமாட்டாள்தான். கேட்கமாட்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தையல்நாயகி, கருணாகரனின் மனைவி. பட்டினத்தில் அவளுடைய வேலை அவ்வளவாக ஒன்றுமில்லை. கொலை, கொள்ளை, சுங்கத் தகராறு எல்லாம் முடிந்து காவல் தலைவர் வீட்டுக்கு வரும்போது அங்கே அவள் இருப்பாள். எழுதுவது பெண்ணா ஆணா என்று ஜெசிந்தாவுக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. ஆரம்பத்தில் கருணாகரனை அவள் தனக்குத் தெரிந்த ஆண்களை வைத்துத்தான் எழுதினாள். வாள், உறுமல், கதவை உதைத்தல். அப்பாவும் பாதி இருந்தார் அதில், ராயப்பனும் பாதி. ஒருநாள் தையல், சோறு அடிப்பிடித்துவிட்டது என்று எழுதி, தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். இவள் முறை. அப்பாவாக இருந்தால் தட்டு முற்றத்துக்குப் பறந்திருக்கும். ராயப்பன் பறக்கவிடமாட்டான், நகர்த்திவைத்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவான், அது அதைவிடக் கொடுமை. ஆபீஸ் முடிந்து வந்த களைப்போடு, சேலைகூட மாற்றாமல், கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். பிறகு எழுதினாள்: ‘மேல இருந்த சோத்தை எடுத்துத் தின்னேன். தீஞ்சதை வழிச்சு வாசல்ல காக்காய்க்கு வச்சேன். வந்து உக்காரு, நாளைக்கு நான் அடுப்பைப் பாத்துக்கிடுதேன், நீ கப்பலைப் பாரு என்றேன்.’ எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிப் போனது. யார் இந்த ஆள், இவ்வளவு நாள் எங்கே இருந்தார் என்று இருந்தது. அன்றைக்குப் பிறகு அவரை அவள் தேடவேண்டியிருக்கவில்லை. அவளுடைய முட்டிவலியை அவருக்குக் கொடுத்தாள். தண்ணீர் பயத்தைக் கொடுத்தாள், கடலோரத்தில் பிறந்து நீந்தத் தெரியாத காவல் தலைவன். இந்த வருஷம் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து, கழுத்தெல்லாம் வேர்த்து, ஏசி ரூமில் எழுந்து நிற்கவேண்டியிருக்கிறதே, அதை அவருக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கடற்காய்ச்சல் என்று ஒரு வியாதியை உண்டாக்கிக் கொடுத்தாள். தையல் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நிஜமாகவே குளிர்ந்தது. வேறு யாரும் போட்டதில்லை.

முறப்பநாட்டுப் பாலத்தில் பஸ் ஏறியது. ஆறு பாதி மணலும் பாதித் தண்ணீருமாகக் கிடந்தது. மழவரையன் மறுபடி, ‘அண்ணாச்சி? இருக்கீங்களா?’ என்றான். பாலத்தின் மேல் சிக்னல் போய், வல்லநாட்டு மலை தெரிந்தபோது திரும்ப வந்தது. தையலிடமிருந்து ஒன்றுமில்லை. இன்றைக்கு முறை அவளுடையது, கருணாகரன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார், அவள்தான் திறக்கவேண்டும். காலையிலிருந்து நிற்கிறார். அவள் திறக்காமலே இருந்துவிட்டால்? அருவருத்திருப்பாளோ? ஏமாற்றுக்காரி, பைத்தியக்காரி, இத்தனை நாளும் ஒரு பொம்பளையிடமா… என்று? அல்லது எழுதுவது ஆணாக இருந்தால், சிரித்துக்கொண்டிருப்பானோ? சிரிப்பு மட்டும் வேண்டாம் கர்த்தாவே. குழந்தை உறக்கத்தில் காலை உதைத்தது. அவள் அந்தக் காலை மெல்லப் பிடித்துக்கொண்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு, தான் எழுதப்போவது என்ன என்பதை யோசிக்க இடம் கொடுக்காமல், ‘இல்ல தம்பி. நாந்தான் பேசினது’ என்று போட்டாள்.

அவன் உடனே எழுதினான். ‘ஐயோ நெஜமாவா! சொல்லியிருக்கலாம்ல மா.’ மா. எவ்வளவு சின்ன எழுத்து. அது வந்து விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ‘தப்பா எடுத்துக்காதீங்க மா, செம ஷாக்.’ ‘நான் தெரியாம அண்ணாச்சி அண்ணாச்சின்னு…’ ‘பேர் என்ன மா?’ ‘டீச்சரா?’ அவன் கெட்டவன் இல்லை, அதுவும் தெரிந்தது. நாலு வருஷத்தில், கொலைகாரன் யார் என்று முடிவு செய்யவேண்டிய இடங்களிலெல்லாம், ‘அண்ணாச்சி சொல்லட்டும், அப்புறம் எழுதலாம்’ என்று காத்திருந்தவன். அதே விரல்கள்தான் இப்போது நிற்காமல் தட்டுகின்றன. வாங்க என்று நின்ற இடம் போய், ‘பயப்படாத மா, நான் எல்லார்கிட்டயும் பேசிக்கிறேன்’ என்று ஒருமைக்கு வந்து சேர்வதற்கு அவனுக்குத் தெய்வச்செயல்புரம் தாண்டுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு கொஞ்சம் நிதானித்து எழுதினான்: ‘ஒரு ஐடியா. கருணாகரன் நம்ம கதைக்கு முதுகெலும்பு. இனிமே அதை நீ எழுதினா மத்தவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உப்பு வியாபாரி எழுதுற பையன்கிட்ட குடுத்துடலாம். உனக்கு நல்ல லேடி கேரக்டர் ஒண்ணு ரெடி பண்றேன், செம ஸ்கோப் இருக்கும். ஓகேவா?’ உப்பு வியாபாரி. அவன் எழுதுவது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய வியாபாரி வேலைக்காரனை உதைக்காமல் ஒரு காட்சியும் முடியாது. அவன் கையில் கருணாகரன். வீட்டுக்கு வருகிறார், தட்டு வைக்கப்படுகிறது, சோறு தீய்ந்திருக்கிறது. அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. காது மடல்கள் சுட்டன, கழுத்தில் வேர்வை கிளம்பி ரவிக்கைக்குள் இறங்கியது. ‘குடுக்க மாட்டேன்’ என்று போட்டாள். கையோடு, ‘ஆளைக் கேக்கக் கூடாதுன்னு விதி போட்டது நீங்கதானே தம்பி’ என்றும் போட்டாள். ‘அது வேற மா, இது வேற’ என்றான். ‘குழு நடத்துறவனா என் நெலமையையும் பாரு.’ ‘அவர் என் ஆளு. நான் எழுதினாத்தான் அவரு’ என்றாள். வாகைக்குளத்தில் ஒரு விமானம் தாழ்வாக இறங்கி வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்தது. குழந்தை விழித்துக்கொண்டு, ‘ப்ளேனு, ப்ளேனு’ என்றது. ஜெசிந்தா போனைப் பார்த்தபோது வெண்சங்குப் பட்டினம் அங்கே இல்லை. பெயர் இருந்த வரிசையில் பிரிஸ்கில்லாவும் ஆபீஸும் ராயப்பனும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், நடுவில் எதுவும் இருந்ததே இல்லை என்பது போல. தேடினாள். தேடினால், இப்படி எதுவும் இல்லை என்று வந்தது. கலங்கரை விளக்கு, சுங்கச் சாவடி, அவள் பெயர் வைத்த தெருக்கள், கடற்காய்ச்சல், எல்லாம். அம்மா போனபோதுகூட ஒரு வாரம் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது? அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

புதுக்கோட்டைச் சந்தையில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கி ஏறி, மறுபடி கிளம்பியபோது போன் அதிர்ந்தது. நங்கூரத்துக்கு, தனியாக. தையல். நாலு வருஷத்தில் கதைக்கு வெளியே அவள் எழுதுவது இதுதான் முதல் தடவை. ‘வாய்ஸைக் கேட்டேன்’ என்று இருந்தது. அடுத்த வரி வர நேரமாயிற்று. ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள், இமைக்காமல், திட்டு விழுவதற்கு முன்னால் பிள்ளைகள் தோளை உயர்த்திக்கொள்வது போலத் தோளை உயர்த்திக்கொண்டு. ‘அப்ப அப்படி ஒருத்தர் எங்கயுமே இல்லையா?’ அவ்வளவுதான். திட்டு இல்லை, சிரிப்பு இல்லை. ஜெசிந்தா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் குத்தியது. அப்படியானால் தையலை எழுதுகிற அந்த ஆள், எந்த ஊரிலோ, எந்தச் சமையலறையிலோ, எந்த ஆபீஸிலோ உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் எங்கேயோ அப்படி ஒரு ஆண் இருந்து இதையெல்லாம் எழுதுகிறான் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை இவள் ஒரு மோட்டார் சுவிட்சுக்காகப் பறித்துவிட்டாள். ‘மன்னிச்சிருங்க’ என்று எழுதினாள், அழித்தாள். ‘என் பேரு ஜெசிந்தா’ என்று எழுதினாள், அழித்தாள். ‘இல்ல, இருக்காங்க, நெறய பேரு அப்படி இருக்காங்க’ என்று எழுதிவிட்டு, அப்படி ஒருவரை நினைவில் தேடிப் பார்த்தாள். ஆபீஸில் தேடினாள், கோயில் பெஞ்சுகளில் தேடினாள், மத்தியானப் பந்தியில் இலை இலையாகத் தேடினாள். அதையும் அழித்தாள். மறவன்மடம் போனது. பஸ்ஸுக்குள் உப்புக் காற்று நுழைந்தது. கடைசியில், ‘இருக்கார்’ என்று எழுதினாள். அதை அழிக்கத் தோன்றவில்லை. ‘இருக்கார். எங்கிட்ட இருக்கார். ஆனா குழுவுல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப அவருக்குப் போக இடம் இல்ல.’ அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தூத்துக்குடிக்குள் நுழைந்ததும் பக்கத்துச் சீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, ‘கால் ஒங்க மேலயே கெடந்துச்சோக்கா, எழுப்பியிருக்கலாம்ல’ என்றாள். ‘இருக்கட்டும், பிள்ளைதானே’ என்றாள் ஜெசிந்தா. குழந்தையின் சூடு போன இடத்தில் சேலை குளிர்ந்தது. போன் அதிர்ந்தது. உடனே திருப்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பி வளைந்து நிற்கும்வரை அப்படியே வைத்திருந்துவிட்டுத் திருப்பினாள். ‘எனக்குக் கொஞ்ச நாள் வேணும்’ என்று எழுதியிருந்தது. அந்த வரியின் முடிவில் அண்ணாச்சியும் இல்லை, அக்காவும் இல்லை. இரண்டில் ஒன்றுக்காக அவள் கண் அந்த வெற்றிடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களோ? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாமே. ‘சரி’ என்று போட்டாள். வேறு எதையும் சேர்க்கவில்லை.

‘எம்மா, எறங்கலையா? வண்டி ஷெட்டுக்குப் போவுது’ என்றார் கண்டக்டர், கடைசிச் சீட்டுவரை ஒரு நடை நடந்துவிட்டு. பஸ் காலியாகியிருந்தது. மைனி கொடுத்துவிட்ட பிரியாணி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். உட்கார்ந்தே இருந்ததில் முட்டி பிடித்துக்கொண்டது, படியில் கம்பியைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஆட்டோ ஒன்று அருகில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் தலையை நீட்டி, ‘எங்கக்கா போணும்?’ என்றார். தினமும் கேட்கிற கேள்விதான், தெருப் பெயரைச் சொன்னால் போதும். சொல்வதற்கு முன்னால் அவள் தொண்டையைக் கனைத்தாள், கருணாகரன் கனைப்பது போல.